'சன்ரைஸ்': மன்னிப்பது யாருடைய வேலை?

எஃப். டபிள்யூ. முர்னோ ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போய் ஃபாக்ஸ் கம்பெனிக்கு எடுத்த முதல் படம் 'சன்ரைஸ்' (1927). அதன் நகரும் காமிராவைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. கதை என்று வந்தால் மட்டும் 'சாதாரண மெலோடிராமா, விடுங்க' என்று நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் படத்தின் அரசியல் அந்தச் சாதாரணக் கதைக்குள்தான் இருக்கிறது.

நகரத்திலிருந்து வந்தவளிடம் மயங்கிய குடியானவன் ஒருவன், மனைவியை ஏரியில் மூழ்கடித்துவிட்டுப் படகு கவிழ்ந்ததாகச் சொல்லத் திட்டமிடுகிறான். தான் மிதந்து தப்பிக்க ஒரு நாணல் கட்டும் தயார். நடு ஏரியில் எழுந்து அவளை நெருங்குகிறான், கை வரவில்லை. கரை சேர்ந்ததும் அவள் ஓடிப்போய் டிராமில் ஏறுகிறாள், அவனும் ஏறிவிடுகிறான். நகரத்தில் சமாதானம். திரும்பும் வழியில் புயல். நாணலை அவள் உடம்பில் கட்டிவிடுகிறான், இருவருமே பிழைக்கிறார்கள். யாருக்கும் பெயர் கிடையாது. எங்கும் நடக்கக்கூடிய கதை என்று ஆரம்பத்திலேயே அட்டை போட்டுச் சொல்லிவிடுகிறார்கள்.

இந்தப் 'பொதுமை' யாருடையது? அவன் மனசுக்குள் காமிரா தாராளமாகப் போய்வருகிறது. நகரத்துப் பெண்ணின் பிம்பம் ஆவிபோல வந்து அவனைக் கட்டிக்கொள்கிறது. படுக்கையில் கிடப்பவன்மேல் ஏரித் தண்ணீர் படிகிறது. மனைவிக்கு இப்படியொரு உள்ளுலகம் தரப்படவில்லை. அவள் நினைப்பதை ஜேனட் கேய்னரின் முகத்தை வைத்து நாம்தான் ஊகிக்க வேண்டும். குற்ற உணர்வு கதையாடலின் சொத்தாகிறது, பயம் அதற்கு வெறும் பின்னணி.

ரொட்டி வாங்கித் தருகிறான், பூ வாங்கித் தருகிறான். அவள் அழுகை நிற்கவில்லை. எங்கே நிற்கிறது? தேவாலயத்தில், யாரோ இருவரின் கல்யாணத்தில். மனைவியைக் காப்பாற்று என்று பாதிரியார் மாப்பிள்ளைக்குச் சொல்வதைக் கேட்டு இவன் உடைந்து அவள் மடியில் விழுகிறான். கொலைக்குத் தப்பியவள் கொல்ல வந்தவனைத் தேற்றுகிறாள். திருமணம் என்ற நிறுவனத்துக்குள் விழுந்த விரிசலை அந்த நிறுவனமே பூசிவிடுகிறது. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவந்தவள் வேறு எங்கே போயிருக்க முடியும் என்று பிரதி கேட்கவில்லை.

ஆனால் முர்னோ பெரிய கலைஞன். கதை மறந்ததைக் காட்சி மறக்கவில்லை. சவரக்கடையில் மனைவியிடம் வாலாட்டும் ஒருத்தன்முன் கணவன் கத்தியை விரிக்கிறான். கடைசியில் அறுபடுவது கோட்டில் செருகிய பூ மட்டுமே, வேடிக்கைதான். ஆனால் கத்தி விரியும் நொடியில் படகு நம் நினைவில் திரும்ப வந்துவிடுகிறது. மன்னித்தாயிற்று என்பதால் பயம் போய்விட்டதாக அர்த்தமில்லை.

மூலக்கதையான ஹெர்மன் சூடர்மானின் 'டில்சிட் பயண'த்தில் (1917) கணவன் மூழ்கிச் சாகிறான், மனைவி பிழைக்கிறாள். திரைக்கதை எழுதிய கார்ல் மேயர் அவனை உயிரோடு வைத்தார். அப்போது மிச்சமான வன்முறை எங்கே போகும்? மனைவி இறந்துவிட்டாள் என்று நம்பியவன் நகரத்துப் பெண்ணின் கழுத்தை நெரிக்கிறான். கொலைத் திட்டத்தை அவள் முதலில் சொன்னபோதும் இதே கழுத்தைத்தான் பிடித்தான். அது தழுவலில் முடிந்தது. இப்போது மனைவி உயிரோடிருக்கிற செய்தி வந்ததும் கையை எடுக்கிறான். இந்த நெரிப்புக்காக அவன் வருந்துவதாகப் படத்தில் ஒரு சட்டகம்கூட இல்லை. அப்படியானால் அவன் வருந்தியது வன்முறைக்காகவா, அது 'தன்னுடையவள்'மேல் பாய்ந்ததற்காக மட்டுமா? நகரத்துப் பெண் வண்டியேறிப் போகிறாள், படம் முழுக்க இறுக முடிந்திருந்த மனைவியின் கூந்தல் அவிழ்கிறது, சூரியன் உதிக்கிறது. குடும்பம் தூய்மையாகிவிட்டது.

1929இல் வழங்கப்பட்ட முதல் ஆஸ்கார் விருதுகளில் தனித்த கலைப்படைப்புக்கான பரிசு இதற்குத்தான். படத்தைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. காடு நகரமாக மாறிக்கொண்டே வரும் அந்த டிராம் பயணத்தில் அவள் ஒடுங்கி நிற்கிறாள். அவனால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அந்தப் பயத்தை முர்னோ அவசரப்படுத்தவே இல்லை. உதயத்தை விட்டுவிட்டு, இந்த டிராமிலிருந்து படத்தை வாசிக்கத் தொடங்கலாம்.