அவர் பெயரில் ஒரு திட்டம்

அஜர்பைஜானில் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்று பத்திரிகையாளர் கதீஜா இஸ்மாயிலோவா 2011இல் தேடினார். விடை பனாமாவின் நிறுவனப் பதிவேட்டில் கிடைத்தது. அங்கிருந்த பெயர்கள் அதிபர் இல்ஹாம் அலியெவின் மகள்களுடையவை. உள்ளூர்க் களவின் தடயம் கடலுக்கு அப்பால் கிடக்கிறது என்றால் செய்தியாளர்களும் நாடு தாண்டிக் கைகோத்தாக வேண்டும்.

அவர் வாயை அடைக்க எடுத்த ஆயுதத்தைப் பாருங்கள். படுக்கையறையில் ஒளித்துவைத்த கேமராவில் எடுத்த படங்களோடு 2012 மார்ச்சில் ஒரு மிரட்டல் கடிதம். பெண்ணின் மானத்தை அவள் உடம்பில் கட்டிவைத்திருக்கும் ஊர்களில் இதைவிட மலிவான ஆயுதம் உண்டா? நமக்கும் பழக்கமானதுதான். கதீஜா அந்தக் கடிதத்தைத் தானே ஊரறியச் செய்தார். காணொளி வெளியானது, அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 2014 டிசம்பரில் கைது, மறு ஆண்டு ஏழரை ஆண்டுச் சிறைத்தண்டனை.

அப்போது ஓ.சி.சி.ஆர்.பி. என்ற பன்னாட்டுப் புலனாய்வுப் பத்திரிகையாளர் அமைப்பு, அவர் விட்ட இடத்திலிருந்து தொடர 'கதீஜா திட்டம்' தொடங்கியது. ஒருத்தியைப் பூட்டினால் பத்துப் பேர் எழுதுவார்கள். இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பகிரப்பட்டவை ஆவணங்கள். விலை கொடுத்த உடம்பு அவருடையது மட்டும். 2016 மே மாதம் விடுதலையான பிறகும் நாட்டைவிட்டுப் போகத் தடை இருந்தது. அவரது கைப்பேசிக்குள் பெகாசஸ் உளவு மென்பொருள் புகுந்திருந்தது 2021இல் தெரியவந்தது. அவரை நம்பிப் பேசியவர்களும் அதில் அகப்பட்டிருப்பார்கள்.

பெங்களூரில் 2017 செப்டம்பர் 5 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட கௌரி லங்கேஷின் கடைசித் தலையங்கம் பொய்ச் செய்திகளைப் பற்றியது. கொல்லப்பட்ட பத்திரிகையாளர்களின் பணியைத் தொடரும் 'ஃபர்பிடன் ஸ்டோரீஸ்' அமைப்பு, அவர் விட்ட இழையைப் பிடித்து, நூற்றுக்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்களைக் கொண்டு 2023இல் பொய்ப் பிரச்சாரத் தொழிலை அம்பலப்படுத்தியது. நல்ல வேலை. என் கேள்வி வேறு: கன்னடத்தில் வார இதழ் நடத்திய ஒரு பெண்ணுக்கு, உயிரோடு இருந்தபோது, இந்த உலக மேசையில் ஒரு நாற்காலி போடப்பட்டிருக்குமா? மாவட்டச் செய்தியாளராக இருக்கும் ஒரு பெண்ணுக்கு மிரட்டல் படம் வந்தால், அன்றிரவு யாரை அழைப்பது, எதை யாரிடம் பத்திரப்படுத்துவது என்பதை அவள் மொழியில் யார் சொல்லித் தருவது? கதீஜா அந்தக் கடிதத்தை என்ன செய்தார் என்பதும் கைமாற்ற வேண்டிய அறிவுதான். பனாமா ஆவணங்களைப் போல அதையும் தொகுத்து வைக்க வேண்டும்.