ஒரு மணி நேரத்துக்கு ஒன்பது சதவீதம்

மந்தைவெளியில் அக்கா வீட்டு ஹாலில் இருக்கும் டிவி ஜூன் மாதத்திலிருந்து துணி போர்த்திக் கிடக்கிறது. பையனுக்கு மூன்று வயசு. ப்ளே ஸ்கூல் பெற்றோர் கூட்டத்தில் ஒரு ஸ்லைடு காட்டினார்களாம்: தினமும் டிவி பார்க்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பிற்காலத்தில் கவனக் குறைபாடு வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடும். அக்கா அன்று ராத்திரியே கேபிளைப் பிடுங்கிவிட்டாள். இதில் அடிபட்டது பையன் இல்லை, அம்மா. பகல் முழுக்க அவனைப் பார்த்துக்கொள்வது அம்மாதான். இருந்த ஒரே ஓய்வு மத்தியான சீரியல். "என்னாலதான் இவன் ஒரு எடத்துல உக்கார மாட்டேங்கறானா?" என்று என்னிடம் போனில் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஸ்லைடின் மூலத்தைத் தேடிப் படித்தேன்.

மூலம், டிமிட்ரி கிரிஸ்டாகிஸும் சகாக்களும் 2004-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை. 1979-ல் தொடங்கிய ஒரு பெரிய அமெரிக்க சர்வேயில் இருந்த பெண்களுடைய குழந்தைகள். ஒரு வயதில் 1278 பேர், மூன்று வயதில் 1345 பேர். அப்போது தினம் எத்தனை மணி நேரம் டிவி என்று அம்மாக்களிடம் கேட்டார்கள். ஏழு வயதில், பிள்ளை எப்படி நடந்துகொள்கிறான் என்று மறுபடி அம்மாக்களிடமே கேட்டார்கள். கேள்விகள் ஐந்துதான்: கவனம் நிற்கிறதா, சட்டென்று குழம்புகிறானா, யோசிக்காமல் பாய்கிறானா, ஒரே நினைப்பைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறானா, துறுதுறுவென்று இருக்கிறானா. இதில் அதிக மதிப்பெண் வாங்கிய சுமார் பத்து சதவீதம் குழந்தைகளைக் 'கவனப் பிரச்சினை உள்ளவர்கள்' என்று பிரித்தார்கள். டாக்டர் யாரும் பரிசோதிக்கவில்லை. ஆனால் ஸ்லைடில் வரும்போது அது ஒரு வியாதியின் பெயராகிவிட்டது.

அடுத்தது அந்தச் சதவீதம். கட்டுரையில் இருப்பது 1.09 என்ற ஆட்ஸ் விகிதம். 10 சதவீதம் கூடும் என்றதும், நூற்றுக்குப் பத்து பேர் என்பது இருபது பேர் ஆகிவிடும் என்று அக்கா நினைத்திருக்கிறாள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நூற்றுக்குப் பத்து பேருக்குப் பிரச்சினை என்றால், கூடுதலாக ஒரு மணி நேரத்துக்கு அது பதினொன்றைக்கூடத் தொடாது. 10.8 வரும். எந்த நிகழ்ச்சி பார்த்தார்கள் என்ற தகவலும் அந்த ஆய்வில் இல்லை. இதிலிருந்து காரணத்தை நிறுவ முடியாது, துறுதுறு பிள்ளையைச் சமாளிக்க முடியாமல்கூட டிவி முன்னால் உட்கார வைத்திருக்கலாம் என்று ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். ஸ்லைடுக்கு அந்த வரி வரவில்லை. எப்பவுமே வராது.

2010-ல் ஃபாஸ்டரும் வாட்கின்ஸும் அதே சர்வே தகவலை எடுத்து மறுபடி அலசினார்கள். தினம் ஏழு மணி நேரத்துக்கு மேல் பார்த்த குழந்தைகளிடம்தான் தொடர்பு தெரிந்தது. குடும்பத்தின் வறுமை, அம்மாவின் தேர்வு மதிப்பெண் இரண்டையும் கணக்கில் சேர்த்ததும் அதுவும் கரைந்துபோயிற்று. 2021-ல் மெக்பீ, பிராண்ட், டிக்ஸன் மூவரும் இன்னும் ஒரு படி போனார்கள். ஒரே தகவலை நியாயமாக எத்தனை விதமாக அலசலாமோ அத்தனையும் செய்து பார்த்தார்கள், மொத்தம் 848. அவற்றில் 166-ல் மட்டுமே புள்ளியியல் ரீதியாகக் குறிப்பிடத்தக்க தொடர்பு கிடைத்தது. ஐந்தில் ஒன்றுகூட முழுசாக இல்லை. எந்தப் பாதையில் போகிறாய் என்பதைப் பொறுத்து மாறும் ஒரு முடிவை வைத்து ஒரு பாட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஸ்பாஞ்ச்பாப் ஆய்வைப் பலரும் அனுப்புகிறார்கள். 2011-ல் வந்தது. அறுபது நாலு வயதுக் குழந்தைகள், ஒன்பது நிமிஷம், பார்த்து முடித்த உடனே பரிசோதனை. அந்த நேரத்துப் பாதிப்பைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

நம்ம ஊர் ஆய்வும் உண்டு. 2021-ல் 'ப்ளோஸ் ஒன்' இதழில் வந்தது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட 718 குழந்தைகள். சராசரித் திரை நேரம் ஒரு நாளைக்கு 2.39 மணி. 73 சதவீதம் பேருக்கு அளவுக்கு மிஞ்சிய திரை நேரம். அதற்கும் பேச்சு வளர்ச்சித் தாமதத்துக்கும் தொடர்பு இருந்தது. இதைத் தூக்கிப் போட மாட்டேன். ஆனால் எல்லாம் ஒரே சமயத்தில் கேட்டது. பேச்சு தாமதமான குழந்தையிடம் போனைக் கொடுத்தார்களா, போனால் பேச்சு தாமதமானதா என்பதை இப்படிக் கேட்டுப் பிரிக்க முடியாது.

எனக்கு நிஜமாகவே உறைத்தது இன்னொன்று, அதுவும் கிரிஸ்டாகிஸ் குழுவுடையதே, 2009. இங்கே யார் ஞாபகத்தையும் நம்பவில்லை. 329 குழந்தைகளின் உடம்பில் குட்டி ரெக்கார்டரை மாட்டி, நாள் முழுக்கப் பதிவு செய்தார்கள். டிவி சத்தம் கேட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்கும் சொற்கள் சுமார் 770 குறைந்தன. இதுவும் தொடர்புதான், ஆனால் அளந்த விதம் எவ்வளவோ மேல். மூளை கெடுகிறதா என்று கேட்காமல், வீட்டில் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று கேட்ட ஆய்வு. (அம்மா சீரியல் வில்லியைத் திட்டுவது அந்தக் கணக்கில் வருமா என்று தெரிந்தால் தேவலை. தமிழ்நாட்டில் பல குழந்தைகளின் சொல்வளம் அங்கேதான் ஆரம்பம்.)

அக்காவிடம் சொன்னது இதுதான். யாரும் பார்க்காமல் சும்மா ஓடும் டிவியை அணை. சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். மத்தியான சீரியல் அம்மாவுக்கு, அவன் தூங்கும்போது. "அப்போ ஸ்கூல்ல பொய் சொன்னாங்களா?" என்றாள். பொய் இல்லை, பாதி என்றேன். தி.நகரில் அவள் பையனைக் காட்டும் குழந்தை டாக்டர் க்ளினிக்கின் ஹாலில் நாள் முழுக்க கார்ட்டூன் ஓடுகிறது, அதைப் பற்றியும் பேச்சு வந்தது. துணியை இன்னும் எடுக்கவில்லை. அம்மாவிடம் மட்டும் அன்று ராத்திரியே போன் பண்ணி, உன்னால இல்லம்மா என்று சொல்லிவிட்டேன்.