ஒரு படமும் ஒரு பழியும்

ஒரு கவிதையைத் திறனாய்வு செய்பவன் அக்கவிதையைப் படித்திருக்க வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கட்டிடங்களின் நிலையோ வேறு. வாசற்படியை மிதித்தறியாதவரும் அவற்றைப் பற்றித் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். அத்தீர்ப்பு ஏடுகளும் படங்களும் விளம்பரத் துறையினரும் அவர்கள் நாவில் வைத்ததாகவே பெரும்பாலும் இருக்கும். இதற்குத் தக்க சான்றாக அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எழுந்து மறைந்த புரூயிட்-ஐகோ குடியிருப்பைக் கூறலாம்.

ஏழைகளுக்கென அரசாங்கப் பணத்தில் எழுந்த குடியிருப்பு அது. 11 மாடிகள் கொண்ட 33 கட்டிடங்கள், 2,870 வீடுகள். 1954 முதல் மக்கள் குடியேறினர். வடிவமைத்தவர் மினோரு யமசாகி. சவூதி அரேபியாவின் தஹ்ரான் விமான நிலையத்தையும், நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தையும் பின்னாளில் வரைந்தவர் அவரே.

1951இல், கட்டிடம் எழுமுன்னரே, 'ஆர்க்கிடெக்சுரல் ஃபோரம்' என்னும் ஏடு வரைபடங்களைக் கொண்டே இத்திட்டத்தைப் புகழ்ந்து எழுதிற்று. மூன்று மாடிகளுக்கு ஒருமுறை மட்டுமே நிற்கும் லிஃப்டையும், அண்டை வீட்டார் கூடிப் பழகுவதற்கென அமைத்த நீண்ட தாழ்வாரங்களையும் அது வியந்தது. 1965இல் அதே ஏடு, ஒரு தோல்வியின் வரலாறு எனத் தலைப்பிட்டு இக்குடியிருப்பைக் குறை கூறியது. முதலில் புகழ்ந்தபோது அங்கு எவரும் வாழ்ந்து பார்த்திருக்கவில்லை என்பதை வாசகர்கள் கருத்திற் கொள்ள வேண்டும்.

1972இல் சில கட்டிடங்கள் வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டன. சரிந்து விழும் அக்காட்சி படமாகி உலகெங்கும் பரவியது. 1977இல் சார்லஸ் ஜென்க்ஸ் என்னும் விமர்சகர், நவீனக் கட்டிடக்கலை 1972 ஜூலை 15ஆம் நாள் பிற்பகல் 3.32 மணிக்கு இங்கேதான் இறந்தது என்று தம் நூலில் எழுதினார். முதற் கட்டிடமோ அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வீழ்ந்துவிட்டது. அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் கழகத்தின் பரிசை இத்திட்டம் பெற்றது என்றும் அவர் கூறினார். அப்படியொரு பரிசை அது பெற்றதே இல்லை என்பதைக் காதரின் பிரிஸ்டல் 1991இல் எழுதிய கட்டுரை எடுத்துக்காட்டியது. அதற்குள் அக்கூற்று ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்று வழங்கும் வரலாறாகிவிட்டிருந்தது.

உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம் என்னும் இயல்புடைய கூற்றே 'கபர்' என்று அரபு அணியிலக்கண நூலோர் வரையறுப்பர். நிழற்படத்தைக் காண்போர் இந்த எச்சரிக்கையை மறந்துவிடுகின்றனர். கட்டிடம் விழுந்தது என்று படம் சொல்கிறது, அது மெய். ஏன் விழுந்தது என்பதைப் படம் சொல்லவில்லை. அதன் கீழ் எழுதப்பட்ட வாசகமே சொல்கிறது. அந்த வாசகமன்றோ ஆராயத்தக்க கபர்!

படத்துக்கு வெளியே நின்றவை எவை? 1950இல் 8,56,796 ஆக இருந்த அந்நகரின் மக்கள்தொகை 1970இல் 6,22,236 ஆகக் குறைந்தது. புறநகர்களை நோக்கி மக்கள் பெயர்ந்தபோது, நகர் வளரும் என்று எண்ணிக் கட்டிய வீடுகள் காலியாயின. கட்டுமானச் செலவை மத்திய அரசு ஏற்றது. பராமரிப்போ குடியிருப்போரின் வாடகையைக் கொண்டே நடைபெற வேண்டும் என்பது ஏற்பாடு. ஆள் குறைய வாடகை குறைந்தது. வாடகை குறையப் பழுது பார்ப்பதும் குறைந்தது. பழுது பெருக, இருந்தோரும் வெளியேறினர். இத்துடன் நிறவேற்றுமையையும் சேர்த்தெண்ண வேண்டும். புரூயிட் கறுப்பருக்கு, ஐகோ வெள்ளையருக்கு என்று பிரித்தே அக்குடியிருப்பு முதலில் திட்டமிடப்பட்டிருந்தது. 1969இல் அந்நகரின் அரசாங்க வீடுகளில் குடியிருந்தோர் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் வாடகை மறுப்புப் போராட்டம் நடத்தினர். வெடித்துச் சரிந்த சுவர்களை அறிந்த உலகம் இப்போராட்டத்தை அறியவில்லை.

கட்டிடக் கலைஞர் குற்றமற்றவர் என்று நாம் வாதிக்கவில்லை. ஏடு வியந்த அதே லிஃப்டும் தாழ்வாரங்களும் பின்னர் மக்கள் அஞ்சி நடமாடும் இடங்களாயின. ஆயினும், தாழ்ந்த கட்டிடங்களையும் கலந்து அமைக்கவே யமசாகி முதலில் விரும்பினார். செலவைக் குறைக்கும் நோக்கில் அதிகாரிகள் அதனை ஏற்கவில்லை. வடிவத்தின் குறை ஒரு பங்கு. அந்தப் பங்கை முழுமையாக்கிக் காட்டியதே நாம் கண்டிக்கும் பிழை.

பழியைச் சுவரின் மேல் போட்டுவிட்டால் வரவுசெலவுத் திட்டத்தை எவரும் கேள்வி கேட்பதில்லை. நவீனக் கட்டிடக்கலையை வெறுத்தோருக்கு அப்படம் படைக்கலமாயிற்று. ஏழைகளுக்கு அரசு வீடு கட்டுவதே வீண் என்போருக்கும் அதுவே சான்றாயிற்று. அங்கு வாழ்ந்தோரின் நினைவுகளோ, 2011இல் வெளியான ஓர் ஆவணப்படத்தின் வாயிலாகவே பரவலாகக் கேட்கப்பட்டன. வறுமையில் உழன்றவர்கள் அவ்வீடுகளுக்கு வந்த முதல் நாட்களின் மகிழ்ச்சியையும் அதில் நினைவுகூர்கின்றனர்.

ஆகவே, ஒரு கட்டிடத்தின் புகழையோ இகழையோ ஏட்டில் காணும்போது சில கேள்விகளைக் கேட்டுப் பழகுவோமாக: எழுதியவர் அங்கு சென்று பார்த்தாரா? படத்தை எடுப்பித்தவர் யார்? பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? குடியிருப்போரிடம் எவரேனும் பேசினரா? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை நம் தீர்ப்பைத் தள்ளி வைப்பதே நியாயமாகும்.