டோப்சிக், பெயின்கில்லர்: ஒரே மாத்திரை, இரண்டு தொடர்கள்

ஆக்ஸிகான்டின் என்கிற வலிநிவாரணி மாத்திரை அமெரிக்காவை என்ன பாடு படுத்தியது என்பதைப் பற்றி இரண்டு தொடர்கள் வந்திருக்கின்றன. 2021-ல் 'டோப்சிக்', எட்டுப் பகுதிகள். 2023-ல் நெட்ஃப்ளிக்ஸில் 'பெயின்கில்லர்', ஆறு பகுதிகள். இரண்டையும் பார்த்த என் அலுவலக நண்பர்கள் இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது என்கிறார்கள். விறுவிறுன்னு போகுதாம். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ஏன் என்று எழுதி வைக்கத்தான் இந்தக் குறிப்பு.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பர்டூ ஃபார்மா என்ற கம்பெனி, சாக்லர் குடும்பத்துக்குச் சொந்தமானது. 1995 டிசம்பரில் அனுமதி வாங்கி 1996-ல் ஆக்ஸிகான்டினைச் சந்தைக்குக் கொண்டுவருகிறது. உள்ளே இருப்பது ஆக்ஸிகோடோன்; மார்ஃபினின் உறவுக்கார மருந்து. 12 மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியாகும்படி செய்த மாத்திரை. மெதுவாக உடம்பில் சேருவதால் போதைக்காகப் பயன்படுத்தும் வாய்ப்பு குறையும் என்று 'நம்பப்படுகிறது' என ஒரு வாக்கியம் அதன் விவரச்சீட்டிலேயே அனுமதிக்கப்பட்டது. யார் நம்பினார்கள், எந்த ஆய்வை வைத்து? ஒன்றும் கிடையாது. மாத்திரையைப் பொடித்தால் 12 மணி நேரத்து மருந்தும் ஒரே நேரத்தில் வெளிவந்துவிடும் என்பதை மக்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள்.

விற்பனைப் பிரதிநிதிகள் மருத்துவர்களிடம் சொன்ன இன்னொரு வரி: அடிமையாகிறவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இந்த எண்ணின் வேர் எங்கே என்று அரசு வழக்கறிஞர்கள் தேடிப் போகும் பகுதிகள்தான் டோப்சிக்கில் எனக்கு மிகவும் பிடித்தவை. தொழில்முறையில் எனக்கு இது பழக்கமான வேலை. எங்கேயோ ஒரு ஃபைலில் யாரோ எழுதிவைத்த ஒரு எண், பத்து வருஷமாக எல்லாரும் காப்பி பேஸ்ட் செய்துகொண்டிருப்பார்கள். திறந்து பார்த்தால் அது சோதனைக்காகப் போட்ட எண்ணாக இருக்கும். இங்கேயும் அதே கதைதான். 1980 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் போர்ட்டர், ஜிக் என்ற இருவர் எழுதிய ஐந்தே வாக்கியக் கடிதம். ஆய்வுக் கட்டுரை இல்லை, ஆசிரியருக்குக் கடிதம். மருத்துவமனையில் இருந்தபோது இந்த வகை மருந்து பெற்ற 11,882 நோயாளிகளில் 4 பேருக்குத்தான் அடிமைத்தனம் பதிவாகியிருந்தது என்றது அது. வார்டில், நர்ஸ் கையால், சில நாட்களுக்கு மருந்து வாங்கியவர்கள். வீட்டுக்கு எடுத்துப்போய் மாதக்கணக்கில் விழுங்கியவர்கள் அல்ல. 2017-ல் அதே இதழ் இந்தக் கடிதத்தை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி வெளியிட்டது. மொத்தம் 608 தடவை. அதில் 72 சதவீதம் பேர் 'அடிமையாவது அபூர்வம்' என்பதற்குச் சான்றாகவே காட்டியிருந்தார்கள். இவர்கள் மருத்துவமனை நோயாளிகள் என்பதை 80 சதவீதம் பேர் சொல்லவே இல்லை.

பெயின்கில்லரும் இந்தக் கதையைத் தொடுகிறது. ஆனால் அதன் கண் முழுக்க ரிச்சர்ட் சாக்லர் மேல்தான். மேத்யூ பிராடரிக் நடித்திருக்கிறார். செத்துப்போன பெரியப்பா ஆர்தர் ஆவியாக வந்து பேசுகிறார். விற்பனைப் பெண்களின் பார்ட்டி, பாட்டு, வேகமான வெட்டு. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் பிள்ளையைப் பறிகொடுத்த நிஜப் பெற்றோர் ஒருவர் கேமரா முன் உட்கார்ந்து, 'இந்தத் தொடரில் சில கற்பனை, ஆனால் என் பிள்ளைக்கு நடந்தது கற்பனை இல்லை' என்கிற மாதிரி பேசுகிறார். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பிறகு அந்தப் பார்ட்டிக் காட்சிகளைப் பார்ப்பது கூச்சமாக இருந்தது. கிளென் என்ற மெக்கானிக் முதுகு அடிபட்டு மாத்திரைக்குப் போய்ச் சீரழிவதை நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். ஆனால் அவன் மீள முயலும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது, என்ன சிகிச்சை இருக்கிறது? தொடருக்கு அதில் ஆர்வமே இல்லை. வில்லன் கிடைத்தாச்சு, போதும்.

டோப்சிக்கிலும் குறை உண்டு. 1986, 1999, 2005 என்று வருஷம் முன்னும் பின்னும் தாவுவதில் தலை சுற்றும். நான் ஒரு பேப்பரில் குறித்துக்கொண்டே பார்த்தேன். ஆனால் மைக்கேல் கீட்டன் நடித்த டாக்டர் ஃபின்னிக்ஸ் பாத்திரம் இந்தக் குறைகளையெல்லாம் தாண்டிவிடுகிறது. சுரங்கத்தொழிலாளர் ஊரின் நல்ல மருத்துவர். நம்பி எழுதிக் கொடுக்கிறார். பிறகு ஒரு விபத்துக்குப் பின் அவரே அந்த மாத்திரைக்கு அடிமையாகிறார். மன உறுதி, சத்தியம், கூட்டம், எதுவும் நிற்கவில்லை. திரும்பத் திரும்ப விழுகிறார். கடைசியில் அவரை நிமிர்த்துவது இன்னொரு மருந்து: புப்ரெனார்பின்.

இங்கேதான் நம் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். 'ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?' மூளையில் இந்த வகை மருந்துகள் போய் ஒட்டும் ஏற்பிகள் இருக்கின்றன. ஹெராயினும் ஆக்ஸிகோடோனும் அவற்றை முழுதாக முடுக்கும். புப்ரெனார்பின் பாதி அளவே முடுக்கும், ஆனால் விடாப்பிடியாக ஒட்டிக்கொள்ளும். விட்டதால் வரும் நடுக்கம், வயிற்றுப்போக்கு, எலும்பு வலி, தூக்கமின்மை எல்லாம் அடங்கும். மேலே வேறொன்றைப் போட்டாலும் பெரிதாக ஏறாது. அளவைக் கூட்டினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் மூச்சை அமுக்காது. ஆள் குளித்து, சாப்பிட்டு, வேலைக்குப் போகலாம். சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறவரை யாரும் இன்சுலின் அடிமை என்று சொல்வதில்லையே.

இதைவிட முக்கியமானது, இரண்டு தொடர்களிலுமே போதிய அழுத்தம் பெறாதது: மருந்தில்லாமல் ஒரு மாதம் பூட்டி வைத்து 'சுத்தம்' செய்து அனுப்பினால், உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். ஆசை இறங்காது. வெளியே வந்து பழைய அளவையே போடுகிறவன் அந்த ஒரே தடவையில் மூச்சு நின்று போகலாம். நம் பக்கம் 'கொண்டுபோய் விட்டா அடிச்சுத் திருத்திடுவாங்க' என்று நம்பி பிள்ளைகளை ஒப்படைக்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புப்ரெனார்பினுக்கு நம் ஊரில் ஒரு முன்கதை உண்டு. டோப்சிக் அதை மீட்பராகக் காட்டுகிறது. ஆனால் 1990-களின் சென்னையில் அதுவேதான் பிரச்சினை. பிரவுன் சுகருக்குப் பழகியிருந்தவர்கள், மருந்துக்கடையில் ஆம்பூலாகக் கிடைத்த புப்ரெனார்பினை ஊசியில் ஏற்றிக்கொண்டார்கள். ஊசியைப் பகிர்ந்ததில் எச்.ஐ.வி. பரவியது. மனநல மருத்துவர் எம். சுரேஷ்குமார் உள்ளிட்டவர்கள் அந்தக் காலத்துச் சென்னையைப் பற்றி ஆய்வுகள் எழுதியிருக்கிறார்கள். பிறகு அதே மூலக்கூறை, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு (நாகோ) மாற்று மருந்துச் சிகிச்சையாக நாடெங்கும் கொண்டுவந்தது. மையத்திலேயே, ஊழியர் கண் முன்னால், நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய வேண்டும். மருந்து ஒன்றேதான். யார் கொடுக்கிறார்கள், எப்படி, எத்தனை நாள், கூட யார் இருக்கிறார்கள் என்பதுதான் மாறியது. வில்லன் கதையாகச் சொன்னால் இதை எங்கே வைப்பது?

நம் பக்கத்து இன்றைய வில்லன் மாத்திரைகள் வேறு. 2018 ஏப்ரலில் டிரமடாலை போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். அதை இறுக்கியதும் கூட்டம் டபென்டடால் பக்கம் நகர்ந்தது. சென்னைப் பதிப்பில் 'வலி நிவாரண மாத்திரைகள் பறிமுதல்' செய்தி இல்லாத வாரம் அபூர்வம். 2025 பிப்ரவரியில் பி.பி.சி., மும்பைக் கம்பெனி ஒன்று டபென்டடாலையும் காரிசோப்ரடாலையும் கலந்த மாத்திரையை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை ரகசிய கேமராவில் படம்பிடித்துக் காட்டியது; அதன் பிறகே மத்திய அரசு அந்தக் கலவைக்குத் தடை போட்டது. சாக்லர்களைத் திட்டிக்கொண்டிருக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே மாத்திரை போய்ச் சேர்ந்தது மருத்துவர் சீட்டு வழியாக. இங்கே சீட்டே தேவைப்படுவதில்லை. எங்கள் திருவாண்டார்கோயிலில் ஷிப்ட் முடிந்து வருகிறவர் மெடிக்கலில் நின்று 'உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க' என்பார். கவரில் நாலு மாத்திரை வரும், பெயர் இருக்காது. அந்த செட்டில் பெரும்பாலும் பாராசிட்டமால் வகையறாதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பெயர் கேட்காமல் விழுங்கும் பழக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. போதைன்னா பாண்டிச்சேரியில் சரக்குதான் என்ற நினைப்பு வேறு. மாத்திரையை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

2019-ல் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் தயாரித்த அறிக்கை, நாட்டில் சுமார் 77 லட்சம் பேருக்கு ஓபியாய்டு பிரச்சினைக்கு உதவி தேவை என்றது. ஹெராயின் பயன்படுத்துவோர் 1.14 சதவீதம்; மருந்தாகத் தயாரிக்கப்பட்ட ஓபியாய்டுகள் 0.96 சதவீதம். கிட்டத்தட்ட சமம்.

இரண்டு தொடர்கள் மேலும் எனக்குள்ள பெரிய கோபம் வேறு இடத்தில். இரண்டிலும் வலி என்பது கதையைத் தொடங்கி வைக்கும் ஒரு விபத்து மட்டுமே. வலியோடேயே செத்துப்போகிறவர்கள் அந்த உலகத்தில் இல்லை. இந்தியா அந்த உலகம். 1985-ல் போதைப்பொருள் சட்டம் வந்தது. அந்த வருஷம் 716 கிலோவாக இருந்த நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 1997-ல் 18 கிலோவாகச் சுருங்கியது. உரிமம், பதிவேடு, கெடுபிடி. மருத்துவமனைகள் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டன. கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரோடு சேர்ந்தவர்களும் பல வருஷம் போராடி, 2014-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. புத்தகத்தில் திருத்தியாச்சு, மனசில் இல்லை.

என் பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் முதுகெலும்புவரை வந்த பிறகு, மருத்துவர் மார்ஃபின் மாத்திரை எழுதினார். அண்ணன் வாங்க மறுத்துவிட்டார். 'வேணாம்டா. நீதானே அந்த சீரியல பாக்கச் சொன்ன? அதுல பாத்தேன்ல, அடிமையாயிட்டாங்கன்னா?' 74 வயது, இன்னும் சில மாதம்தான் என்று சொல்லப்பட்டவர். ராத்திரியெல்லாம் தெருவுக்கே கேட்கும் அவர் முனகல். ஒன்பது நாள் ஆயிற்று அண்ணனைச் சம்மதிக்க வைக்க. வலி நிவாரணப் பிரிவு மருத்துவர் உட்கார வைத்துப் பேசினார்: கண்காணிப்போடு, வலிக்குத் தகுந்த அளவில், கூடவே மலமிளக்கியும் சேர்த்துக் கொடுப்பது வேறு, பர்டூ செய்தது வேறு. முதல் மாத்திரை சாப்பிட்ட அன்று பெரியம்மா எழுந்து உட்கார்ந்து மோர்சாதம் கேட்டார்.

ஒரு கலைப்படைப்பு மருத்துவக் கையேடு ஆக வேண்டியதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டோப்சிக் தன் எட்டு மணி நேரத்தில் ஃபின்னிக்ஸுக்கு ஒரு மருந்தைக் கொடுத்து, அது வேலை செய்வதையும் காட்ட இடம் கண்டுபிடித்தது. அதே நிதானத்தோடு ஒரு புற்றுநோய் வார்டையும் ஒரே ஒரு காட்சியில் காட்டியிருக்கலாம். பெயின்கில்லரிடம் அதைக்கூட நான் எதிர்பார்க்கவில்லை.

டோப்சிக்கின் மூலநூலை எழுதிய பெத் மேசி, 2022-ல் 'ரெய்சிங் லாசரஸ்' என்று இன்னொரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு இழை சாக்லர்களின் திவால் வழக்கு. இன்னொரு இழை, காரை எடுத்துக்கொண்டு நோயாளிகளைத் தேடிப் போய்ப் பார்க்கிங்கில் வைத்தே புப்ரெனார்பின் சிகிச்சை தருகிற ஒரு நர்ஸ் போன்றவர்களைப் பற்றியது. அந்த இரண்டாவது இழைக்காகத்தான் இப்போது அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். முடித்ததும் தனியாக எழுதுகிறேன். அதுவரை, யாருக்காவது உடனே தேவைப்பட்டால், மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. காசு இல்லை.