அன்பினாலும் பிரியத்தினாலும்

சோழபுரத்தில் என் அத்தையிடம் ஒரு பத்திரம் இருக்கிறது. இருபத்தாறு வயதில் கணவனை இழந்து, கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்தவளுக்கு 1971-ல் தாத்தா எழுதிய செட்டில்மெண்ட். அறுபது சென்ட் புஞ்சை. 'உன்பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்' என்று தொடங்கும். நாலாம் பத்தியில் குரல் மாறிவிடும்: ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம், விற்கவோ அடமானம் வைக்கவோ பாத்தியமில்லை, அவளுக்குப் பின் என் ஆண் வாரிசுகளுக்கு. அதாவது அவள் தம்பி மகன்களுக்கு. இத்தனை வருஷமாக அந்தப் புஞ்சையில் பாடுபடும் அவள் மகளுக்கு இல்லை.

அப்பாவுக்கும் தாத்தா எழுதினார். அதில் அன்பு பற்றி ஒரு வரியும் கிடையாது. 'சர்வ சுதந்திர பாத்தியமாய்' என்று மட்டும் இருக்கிறது.

"எங்கய்யா எனக்குத்தான தாயி எழுதுனாரு? பெறகு ஏன் நான் விக்கக் கூடாதாம்?"

1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் இதற்கு இரண்டு பதில் வைத்திருக்கிறது. பிரிவு 14(1): பெண் கையிலுள்ள சொத்துக்கு அவளே முழு உரிமையாளர். பிரிவு 14(2): தானமோ உயிலோ தீர்ப்போ கட்டுப்பாட்டுடனேயே கொடுத்திருந்தால் அந்தக் கட்டுப்பாடு நிற்கும். ஒரு கை கொடுத்ததை மறுகை பிடுங்குகிறது. 1977-ல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், விதவையின் ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுத்த சொத்தில் இப்படிப்பட்ட கட்டுப்பாடு செல்லாது என்றது. அருமையான தீர்ப்புதான். ஆனால் அதன் நிழலில் ஒரு விநோதம் வளர்ந்தது. 'ஜீவனாம்சத்துக்காக' என்றிருந்தால் பெண் தப்பிக்க வழி உண்டு; 'அன்பினால்' என்றிருந்தால் அது வெறும் தானம், தந்தவர் விதித்ததே விதி என்று எதிர்த்தரப்பு வாதாடும். பத்திர எழுத்தர் பழக்கத்தில் போட்ட சொல் ஒருத்தியின் நிலத்தைத் தீர்மானிக்கிறது. இரு பிரிவுகளின் குழப்பத்தை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே பெரிய அமர்வுக்கு அனுப்பியது.

அமெரிக்கப் பத்திரங்களில் கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்ற வாசகங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என 1948-லேயே தீர்ப்பானது. வாசகங்கள் தாளில் கிடந்தன. கலிஃபோர்னியா 2021-ல் ஒரு சட்டம் இயற்றி, அவற்றைத் தேடி மறைக்கும் வேலையைப் பதிவு அலுவலகங்களிடமே ஒப்படைத்தது. இங்கே அந்த வேலை அத்தையின் தலையில். அவள்தான் வக்கீல் வைக்க வேண்டும், சாட்சி கொண்டுவர வேண்டும், 1971-ல் செத்துப்போன அப்பாவின் மனசில் இருந்தது அன்பா கடமையா என்று நிரூபிக்க வேண்டும். குடும்பத்துக்குள் பெண்ணுக்குக் கொடுக்கும் சொத்துக்கு 14(2) பொருந்தாது என்று நாடாளுமன்றம் ஒரு வரி சேர்த்தால் போதும். 2005-ல் மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம பங்கு தந்தபோதுகூட இந்தப் பிரிவைத் தொடவில்லை.

அத்தைக்கு எண்பதாகிறது. தம்பி மகன்கள் இப்போதே வேலிக்கல் நட அளவு பார்க்கிறார்கள்.