மலையகத்து மரங்கொத்தி: இயற்கையிலும் கலையிலும்

மரங்கொத்தியைக் கலையுலகம் பெரும்பாலும் அதன் தலையைக் கொண்டே அறிந்துள்ளது. உரோமர் அதனைப் போர்த்தெய்வமாகிய மார்ஸின் பறவையாகப் போற்றினர். அமெரிக்கக் கவிஞர் லோங்ஃபெலோ 1855இல் வெளியிட்ட ஹயவாதா காவியத்தில், பகைவனின் உயிர்நிலை எதுவென மரங்கொத்தி வீரனுக்கு உணர்த்துகிறது. வீரன் அதன் கொண்டையைக் குருதியால் சிவக்கச் செய்து நன்றி பாராட்டுகிறான். சிவப்பைக் கண்டவிடத்துக் குருதியை நினைப்பது கற்பனைக்கு எளிதான வழி. ஆனால் அவ்வழியிற் சென்றவர்கள் அப்பறவை அமரும் மரத்தை மறந்துவிட்டனர்.

பாளியில் அமைந்த கந்தகலக ஜாதகம் இதற்கு விலக்காகும். வைரமற்ற மரங்களைக் கொத்திப் பழகிய மரங்கொத்தியொன்று, தன் நண்பனைப் பார்த்துக் கருங்காலியைக் கொத்தத் துணிந்து தலையுடைந்து மடிகிறது. புத்தரைப்போல் நடிக்க முயன்ற தேவதத்தனைச் சுட்டுவதற்கே கதை கூறப்பட்டது. எனினும் அதனைப் புனைந்தவன் மரமறிந்தவன் என்பதில் ஐயமில்லை. தமிழிலும் இப்பறவைக்குத் தச்சன்குருவி என்றொரு பெயர் உண்டு. நிறத்தை விட்டுத் தொழிலைப் பற்றிய பெயர் அது. காவியங்களின் குருதிக் கற்பனையைவிட அதுவே உண்மைக்கு அண்மையில் நிற்கிறது.

இலங்கையின் மத்திய மலைநாட்டில் செந்தலை கொண்ட மரங்கொத்திகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. இரண்டும் இந்நாட்டுக்கே உரியவை. இரண்டின் முதுகும் செந்நிறமானது. அலகு வெளிறியிருப்பது பெரிது, கறுத்திருப்பது மற்றையது. யாழ்ப்பாணத்து மாணவன் தன் ஊரிற் காணும் மரங்கொத்தியின் முதுகோ பொன்னிறமானது. பொன் முதுகும் செம்முதுகும் வடக்குக்குத் தெற்கே உலர்வலயக் காடுகளில் ஒன்றோடொன்று கலந்து, இடைப்பட்ட நிறங்களிலும் காணப்படுகின்றன. செந்தலை என்ற அடைகூட முழுமையாகப் பொருந்துவது ஆணுக்கே. பெரிய இனத்தின் பெண்ணுக்குக் கருங்கொண்டையில் வெண்புள்ளிகள். வீரக்கதை புனைந்தவர்கள் இனத்தின் பாதியைக் கண்டதேயில்லை போலும்!

ஓவியத்தில் இத்தகைய பிழைக்கு இடமில்லை. வின்சன்ற் லெக் 1878 முதல் 1880 வரை வெளியிட்ட இலங்கைப் பறவைகளின் வரலாற்று நூலுக்குப் படம் வரைந்தவர் கூலெமன்ஸ். இலண்டனில் இருந்தபடி பதப்படுத்திய பறவைத் தோல்களைப் பார்த்து வரைந்த அவருடைய கைத்திறன் வியப்புக்குரியது. ஆயினும் தோல் தோலே. அவருக்குப் பின் வந்த ஜீ. எம். ஹென்றி (1891-1983) உயிருள்ள பறவையைப் பார்த்தவர். இந்நாட்டின் தேயிலைத் தோட்டமொன்றில், அதன் நிர்வாகியின் மகனாகப் பிறந்தவர். கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றியவர். 1955இல் வெளிவந்த அவரது இலங்கைப் பறவைகள் பற்றிய கையேடு இன்றும் பயில்வோர் கைகளில் உள்ளது. விறைத்த வாலை ஊன்றுகோலாக்கி, தண்டைச் சுற்றி மேலேறும் பறவையை அவர் பார்வை நழுவவிடவில்லை. ஆனால் கையேட்டின் இலக்கணப்படி பறவையைச் சூழ்ந்திருப்பது வெற்றுத்தாள். தோட்டத்திற் பிறந்தவரின் தூரிகையிலும் தோட்டம் இல்லை.

அதே மலைநாட்டில், மடகொம்பரைத் தோட்டத்தில், 1914இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. அவர் ஆங்கிலத்தில் எழுதியதும் சக்தீ அ. பாலஐயாவினால் தேயிலைத் தோட்டத்திலே எனத் தமிழாக்கப்பட்டதுமான நெடுங்கவிதை, விடியற்பொழுதில் அதிரும் தப்பொலியோடு தொடங்குகிறது. துரை பங்களாவிற் பிறந்த கலைஞன் கண்ணால் உலகை அளந்தான். லயங்களை அறிந்த கவிஞன் செவியால் அளந்தான். இதனைத் தனிமனித இயல்பின் வேறுபாடு என்று ஒதுக்கிவிட இயலாது. பார்ப்பதற்கு ஓய்வு வேண்டும். குனிந்து கொழுந்தெடுப்பவளுக்கு மரத்தின் உச்சியை நிமிர்ந்து நோக்க ஓய்வேது? ஒலி மட்டுமே அவள் கேளாமலே அவளிடம் வந்து சேர்கிறது. தலவாக்கலைத் தொகுதியில் 1947இல் பாராளுமன்றத்துக்குத் தெரிவுசெய்யப்பட்ட வேலுப்பிள்ளை, அடுத்த ஆண்டே தம் மக்கள் குடியுரிமை இழந்ததைக் கண்டவர். அவருடைய கவிதையிற் பறவையைத் தேடி அது போதாதென்று குறைகூறுவது திறனாய்வாகாது.

ஆயினும் அத்தப்பொலியை மரங்கொத்தியின் ஒலியோடு வைத்து நோக்குதல் பயனுடையது. மரங்கொத்தி எழுப்பும் ஓசை இருவகை. இரைதேடிப் பட்டையைக் கொத்துவது சீரற்றது: இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, மீண்டும் ஒன்று. மற்றையது முரசம். உலர்ந்து அதிரும் கிளையைத் தேர்ந்து, ஒரு நொடிக்குள் பல அடிகளாக இடையறாது அடிப்பது. இரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இவ்விடம் என்னுடையது என இணைக்கும் அயற்பறவைக்கும் அது அறிவிக்கிறது. பிரட்டுக்கு அழைத்த தப்பின் பொருளோ இதற்கு நேர்மாறானது. இந்நாள் உன்னுடையதன்று என்பதே அதன் அறிவிப்பு. அதனை அடித்தவனும் அந்த லயத்தைச் சேர்ந்தவனே என்பது அதன் கொடுமையை மிகுவிக்கிறது. ஒரே மலைச்சரிவில் எழுந்த இவ்விரு முரசங்களுள், ஒன்று கவிதையில் இடம்பெற்றது. மற்றையது கையேட்டின் விவரணத்தோடு நின்றுவிட்டது.

மரங்கொத்தியின் முரசுக்குப் பட்டமரம் வேண்டும். குஞ்சு பொரிக்கவும் உளுத்த தண்டு வேண்டும். தேயிலைக்கிடையே நிழல்தரும் முள்முருக்கு பட்டுப்போனால் தோட்ட நிர்வாகத்துக்கு அது கழிவு, லயத்து அடுப்புக்கு விறகு, பறவைக்கு வீடு. இம்மூன்று உரிமைகளும் ஒரே அடிமரத்தில் மோதும் காட்சி ஒரு சிறுகதைக்குப் போதுமானது. விறகுக்காக அம்மரத்தை வெட்டுபவனைக் கொடியவனாக்காமல் அதனை எழுதுவது எளிதன்று. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்கள், ஹென்றி மறைந்த 1983ஆம் ஆண்டிலேயே நூலாக வெளிவந்தது. அந்நூலையும் ஹென்றியின் கையேட்டையும் ஒரே மேசையில் விரித்துவைத்துப் படிக்கும் மாணவனுக்கு அக்கதைக்கான கருப்பொருள் கிட்டும். பறவையின் பெயர் ஒன்றில், கோடரி பிடித்தவனின் மொழி மற்றையதில்.