போட்டியும் நிழற்படக் கலையும்

நிழற்படக் கலைஞர் போட்டிகளிற் பங்குபற்றுதல் பயனுடைத்தோ என்னும் வினாவுக்கு அல்பிரெட் ஸ்டீக்லிற்ஸின் வரலாறு தக்க விடை பகரும். அமெரிக்கரான அவர், பேர்லினில் மாணவராயிருந்த காலத்து, 1887 இல் இலண்டன் சஞ்சிகையான 'அமெச்சூர் போட்டோகிராபர்' நடாத்திய போட்டியில் முதற்பரிசு பெற்றார். இத்தாலிய ஊரொன்றிற் சிறுவர் கூடி நகைக்கும் அப்படத்தைத் தெரிந்தெடுத்தவர் பீற்றர் ஹென்றி எமேர்சன். பெயர் பெறாத மாணவர் ஒருவருக்கு வல்லுநரின் மதிப்பீடு கிடைத்தமை பதக்கத்தினும் பெரும் பேறாம்.

ஆயின், நிழற்படமும் கலையே என வாதிட்ட அந்நடுவர், சில ஆண்டுகளுள் அக்கொள்கையைத் தாமே கைவிட்டார். பரிசு பெற்றவரோ கைவிட்டிலர். 1902 இல் அக்கலைக்கென ஓர் இயக்கமே கண்டார். நடுவர் மனம் மாறும். கலைஞன் கண்ணின் நேர்மை மாறலாகாது. ஆதலின், தொடங்குவோர் போட்டியை ஊன்றுகோலாகக் கொள்க. நடுவரின் சுவைக்கேற்பப் படம் பிடித்தலை ஒழிக.